கற்சிலைமடுப் படைக்கு எந்த ஈயம்?

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

நான் ஒட்டுசுட்டானில் வசிக்கிறேன். 1803 ஒக்டோபர் 31 ஆம் திகதி ஆங்கிலேயப் படையின் கப்டன் டிறிபேர்க் வன்னிச் சிற்றரசன் பண்டார வன்னியனைக் கற்சிலைமடுவில் தோற்கடித்த சண்டையை மேசையில் ஆடும் போர் விளையாட்டாக அமைக்க எண்ணி, 28 மில்லிமீற்றர் உயர வீரர்களை நானே செதுக்கி வார்க்க முயல்கிறேன். வலைக்குக் கட்டும் ஈயக் குண்டுகளும் பழைய வாகன பற்றரி ஒன்றும் கையில் உள்ளன, அவற்றை உருக்கலாமா? ஆங்கிலேயப் படைக்கு வோட்டர்லூக் காலத்துப் (1815) பிளாஸ்டிக் வீரர்களைப் பார்த்துச் செதுக்குகிறேன். நிறம் பூசுவது பற்றியும் சொல்லுங்கள். "இவ்வளவு கண்ட பிறகும் துவக்குப் பொம்மையா?" என்று அம்மா கேட்கிறார், அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அன்புள்ள தம்பிக்கு,

பற்றரியை உடைக்கவும் வேண்டாம், உருக்கவும் வேண்டாம். அதன் தகடுகளில் அமிலமும் ஈயச் சேர்மங்களின் தூளும் ஊறியிருக்கின்றன. அடுப்பில் ஏற்றினால் அந்த நஞ்சு புகையாகவும் தூசாகவும் வளவெங்கும் படியும், பிள்ளைகள் விளையாடும் மண்ணிலிருந்து அது இலகுவில் போகாது. நீங்கள் கேட்கவில்லை, ஆயினும் அண்மைக் காலம்வரை போர் நடந்த வன்னியிலிருந்து எழுதுகிறீர்கள் என்பதால் சொல்கிறேன்: காணியில் கிடக்கும் சன்னத்தையோ வேறெந்த இரும்புத் துண்டையோ உருக்குவதற்கென்று எடுத்துவிடாதீர்கள்.

வலைக் குண்டு அவ்வளவு ஆபத்தானதல்ல, ஆனால் அதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். ஈயம் என்ற ஒரே சொல்லால் நாம் இரண்டு உலோகங்களைக் குறித்துவிடுகிறோம். குண்டில் இருப்பது காரீயம்; அது 327 பாகை செல்சியசில் உருகும். பித்தளைப் பாத்திரத்தின் உட்புறத்தில் பூசுவது வெள்ளீயம்; அது 232 பாகையிலேயே உருகிவிடும். காரீயத்தின் சூட்டில் சிலிக்கன் றப்பர் அச்சு விரைவில் கருகி வெடித்துவிடும். தனிக் காரீயம் விரல், துவக்கு முனை போன்ற நுண்ணிய இடங்களுக்குள் நன்றாக ஓடுவதுமில்லை. வெள்ளீயம் விலை கூடியதுதான், ஆனால் பழுதான வார்ப்பை மீண்டும் உருக்கிக்கொள்ளலாம் என்பதால் வீண்போவது மிகக் குறைவு.

அச்சின் உட்புறத்தில் முகப்பவுடரை மெல்லத் தூவி, மிகுதியை ஊதிவிட்டு வார்க்கத் தொடங்குங்கள். முதல் நான்கைந்து உருவங்கள் கையில்லாமலும் காலில்லாமலும் வரும். அச்சு இன்னும் சூடேறவில்லை என்பதே காரணம். அச்சு சூடேறிய பின்னரும் துவக்கின் முனை வராவிட்டால் அங்கே காற்று அடைபட்டிருக்கிறது என்று பொருள். முனையிலிருந்து அச்சின் ஓரம்வரை கத்தியால் மயிரிழை அளவுக்கு ஒரு வழி கீறிவிடுங்கள். ஈட்டியை வார்க்கவே வேண்டாம், வார்த்த ஈட்டி தொட்டாலே வளையும். கையைத் துளைத்துச் சைக்கிள் பிறேக் கேபிளின் ஒற்றை இழையைச் செருகுங்கள்.

எல்லாவற்றையும்விட ஈரத்துக்கு அஞ்சுங்கள். ஒரு மார்கழியில், கழுவி வைத்த இரும்பு அகப்பை காய்ந்துவிட்டது என்று நம்பி அதை உருகிய வெள்ளீயத்துக்குள் இறக்கினேன். பிடியின் பொருத்தில் நின்ற ஒரு துளி நீர் கணத்தில் ஆவியாகி உலோகத்தை என் முகத்தை நோக்கி எறிந்தது. கண்ணாடி அணிந்திருந்ததால் கண் தப்பியது. இடது மணிக்கட்டில் பயறளவு தழும்பு இன்றும் இருக்கிறது. மாரியில் அகப்பையையும் அச்சையும் அடுப்பருகே வைத்து உலர்த்திய பின்னரே தொடங்குங்கள்.

உங்கள் மாதிரிகளில் ஒரு பிழை உண்டு. வோட்டர்லூ வீரர்கள் அணியும், முன்பக்கம் உயர்ந்த தொப்பி 1812 இல் வந்தது. 1800 இல் அறிமுகமானதோ நேரான உருளைத் தொப்பி, 1803 க்கு அதையே செதுக்குங்கள். அப்போது இலங்கையில் நின்ற 19 ஆம் காலாட்படைக்குச் சிவப்பு அங்கியில் கழுத்துப்பட்டியும் கைமடிப்பும் பச்சை. ஆங்கிலேயக் கொடியின் கீழ் மலாயரும் சிப்பாய்களும் நின்றனர் என்பதால், எல்லா முகத்துக்கும் வெள்ளைக்காரன் நிறம் பூசிவிடாதீர்கள்.

வன்னியனின் ஆட்களுக்குச் சீருடை பூசாதீர்கள் என்பதே என் உறுதியான கருத்து. வயலிலிருந்தும் காட்டிலிருந்தும் வந்தவர்களை ஒரே நிறத்தில் நிறுத்தினால் அவர்கள் நம் ஊர் ஆட்களாகத் தெரிய மாட்டார்கள். தோல் நிறம் என்று விற்கும் வர்ணம் இளஞ்சிவப்பு. நமக்கு அது உதவாது. கடும் மண்ணிறத்தில் சிறிது சிவப்பைக் கலந்து தொடங்குங்கள். தோள், மூக்கு, முழங்கால் ஆகிய மேடுகளுக்கு அதே கலவையில் காவி மஞ்சளைச் சேர்த்து ஒளியேற்றுங்கள். வெள்ளையைச் சேர்த்தால் உடம்பு சாம்பல் பூசியதுபோல் வெளிறிவிடும். வேட்டிக்கும் தூய வெள்ளை வேண்டாம். சாம்பல் கலந்த மண்ணிறத்தில் தொடங்கி, மடிப்பின் விளிம்பில் மட்டும் வெள்ளைக்கு வாருங்கள். காலடிக்கு உங்கள் வளவுச் செம்மண்ணையே அரித்து, வறுத்து, பசையில் தூவுங்கள்.

அம்மாவின் கேள்வியை வாதாடி வெல்ல முயலாதீர்கள். அவர் கண்டதைக் கண்டவர். போர் விளையாட்டுப் படைகளில் சுடுபவர்கள் மட்டும் இருப்பதில்லை, விழுந்தவர்களின் உருவங்களும் மேசையில் வைக்கப்படுகின்றன. காயப்பட்ட ஒருவனை இருவர் தூக்கிச் செல்லும் உருவத்தை முதலில் செதுக்கி, நிறம் பூசி, அவரிடம் காட்டுங்கள். அதைப் பார்த்த பின்னரும் வேண்டாம் என்று அவர் சொன்னால், மேசையை அவர் கண்ணில் படாத இடத்தில் போடுங்கள்.

அன்புடன்.