பழைய டேக்டவுன் வில்: ரைசர் சரி, லிம்ப் யோசிக்க வேண்டியது

கேள்வி: அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில், ஆன் ஆர்பரில் வசிக்கிறேன். சில மாதங்களாக கிளப்பில் 28 பவுண்டு வில்லில் (இழுக்கத் தேவைப்படும் விசை அது) பழகி வருகிறேன். என் இழுப்பு நீளம் 27 அங்குலம். பக்கத்து ஊரில் ஒருவர் தன் அப்பா வைத்திருந்த பழைய பியர் நிறுவன டேக்டவுன் (பிரித்து மாட்டும்) ரிகர்வ் (நுனிகள் முன்னோக்கி வளைந்த) வில்லை 600 டாலருக்குத் தருவதாகச் சொல்கிறார். பி ரைசர் (நடுவில் பிடிக்கும் பகுதி), ஒன்றாம் எண் லிம்ப் (மேலும் கீழும் வளையும் பகுதி), 55 பவுண்டு. லிம்பின் மேல் மயிரிழை போலக் கோடுகள் தெரிகின்றன; வெறும் வார்னிஷ் விரிசல்தான் என்கிறார். வாங்கலாமா?

பதில்: ரைசருக்காக வாங்கலாம். அந்த லிம்பில் இப்போதைக்கு எய்யலாம் என்று நினைத்து வாங்காதீர்கள்.

முதலில் 55 பவுண்டு. லிம்பில் எழுதியிருக்கும் எடை 28 அங்குல இழுப்புக்கானது. ஓர் அங்குலம் குறைந்தால் இரண்டு மூன்று பவுண்டு குறையும் என்பது பொதுக் கணக்கு. உங்கள் கைக்கு 52, 53 வரும். இப்போது இழுப்பதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஒருமுறை இழுத்துக் காட்டிவிடலாம், அது பெரிய விஷயமில்லை. தாடையில் கை பதிந்து, குறி நிலைத்து, பிறகு விடுவதற்குள் தோள் நடுங்கும். அந்த வேதனையிலிருந்து தப்பிக்கக் கை முன்கூட்டியே விட்டுவிடும். இந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் லேசான வில்லுக்குத் திரும்பினாலும் போகாது. 35 பவுண்டுக்கு மேல் இப்போது வேண்டாம்.

டேக்டவுன் என்பதால் இதற்கு வழி இருக்கிறது: ரைசரை வைத்துக்கொண்டு லேசான லிம்பை மாட்டிக்கொள்ளலாம். 1970-ஐ ஒட்டி பியர் நிறுவனர் ஃபிரெட் பியர் சந்தைக்குக் கொண்டுவந்த இந்த அமைப்பில் ஏ, பி, சி என்று மூன்று ரைசர்கள், 1, 2, 3 என்று மூன்று நீள லிம்புகள். ஸ்க்ரூ, ஸ்பேனர் எதுவும் இல்லை. தாழ்ப்பாளைத் தள்ளினால் லிம்ப் உட்கார்ந்துவிடும். பி ரைசரில் ஒன்றாம் எண் போட்டால் 58 அங்குல வில், இரண்டு போட்டால் 60, மூன்று போட்டால் 62. உங்கள் 27 அங்குல இழுப்புக்கு 58-இல் நாணின் கோணம் குறுகி விரல்களை நெரிக்கும். 62 இதமாக இருக்கும். காட்டுக்குள் மரக்கிளைகளுக்கு நடுவே நின்று வேட்டையாடுகிறவர்தான் குட்டை வில்லைத் தேடுவார், இலக்குப் பலகையில் எய்பவருக்கு அதனால் லாபமில்லை. பியர் நிறுவனம் இதே அமைப்பில் இன்றும் வில் விற்கிறது. ஆனால் பழைய ரைசரில் வேறு காலத்து லிம்பைப் போட்டுப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். தாழ்ப்பாள் முழுதாக விழ வேண்டும், லிம்ப் அசையக்கூடாது.

இனி அந்தக் கோடுகள். விற்கிறவர் சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஐம்பது வருடப் பூச்சு வெடிப்பது சகஜம், பழைய பியர் வில்களில் இதை நிறையப் பார்க்கலாம். பூச்சு மட்டும் வெடித்திருக்கிறதா, அதற்குக் கீழே இருக்கும் ஃபைபர்கிளாஸும் வெடித்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. நாணை இறக்கிவிட்டு, போன் டார்ச்சை லிம்பை ஒட்டிச் சாய்வாகப் பிடியுங்கள். கோட்டின் மேல் நகத்தை மெல்ல ஓட்டுங்கள். நகம் தடுக்காமல் வழுக்கினால் பெரும்பாலும் பூச்சுதான். தடுக்கினால் கோடு எந்தத் திசையில் போகிறது என்று பாருங்கள். கண்ணாடி இழைகள் லிம்பின் நீளவாக்கில் ஓடுகின்றன. குறுக்கே விழுந்த விரிசல் அந்த இழைகளை அறுத்திருக்கிறது என்று பொருள். அந்த லிம்ப் சுவரில் மாட்டத்தான். நீளவாக்கில் போவது அவ்வளவு மோசமில்லை என்றாலும், விளிம்புவரை வந்து மரத்துக்குள் இறங்கியிருந்தால் அதையும் விட்டுவிடுங்கள்.

அடுத்து ஒரு பஞ்சுத் துணுக்கை லிம்பின் பக்கவாட்டு விளிம்பில் நுனிவரை இழுத்துக்கொண்டே போங்கள். ஃபைபர்கிளாஸ் மரத்தை விட்டுத் தூக்கியிருக்கும் இடத்தில் பஞ்சு இழை சிக்கி நிற்கும். வெயிலில் நின்ற காருக்குள் கிடந்த வில்லில் பசை விட்டுப்போவது உண்டு, அதனால் எங்கே வைத்திருந்தார் என்று பேச்சுவாக்கில் கேட்டுவிடுங்கள். பரணா, கராஜா, வீட்டுக்குள்ளா?

நாணேற்றும்போது ஸ்ட்ரிங்கர் கயிற்றைப் போட்டு ஏற்றச் சொல்லுங்கள். காலுக்கிடையில் கொடுத்து வளைத்து ஏற்றும் பழைய முறைதான் பல லிம்புகள் முறுக்கிக்கொள்ளக் காரணம். ஏற்றிய பிறகு வில்லின் நுனியிலிருந்து ஒற்றைக் கண்ணால் பாருங்கள்: நாண் இரண்டு லிம்பையும் சரிபாதியாகப் பிளந்தபடி நடுவில் ஓட வேண்டும். லேசாக ஒதுங்கினால் பொறுமையாகச் சரிசெய்யலாம். நாண் அதன் பள்ளத்தை விட்டு நழுவும் அளவு முறுக்கு என்றால் வேண்டாம். பிறகு பாதி தூரம் மட்டும் இழுத்து, நாணைக் கையிலிருந்து விடாமல் மெதுவாகத் திரும்பக் கொண்டுவாருங்கள்; ‘டிக்’ என்று சத்தம் கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். அம்பில்லாமல் நாணை விட்டுவிடாதீர்கள். நல்ல லிம்பும் அதில் போய்விடும்.

ரைசர் மரமா மக்னீசியமா என்று நீங்கள் எழுதவில்லை. மக்னீசியம் என்றால் பெயின்ட் கொப்பளித்து வெள்ளைப் பொடி தெரிகிறதா என்று பாருங்கள். மரம் என்றால் தாழ்ப்பாள் உட்காரும் இடத்தைச் சுற்றிப் பிளவு இருக்கிறதா என்பது போதும்.

‘கிரேலிங், மிச்சிகன்’ என்று எழுதியிருக்கிறதா? பியர் நிறுவனம் அந்த ஊரிலிருந்து 1978-இல் ஃபுளோரிடாவின் கெய்ன்ஸ்வில்லுக்கு இடம்பெயர்ந்தது, ஆகவே அதற்கு முந்தைய வில் என்று கொள்ளலாம். சேகரிப்பாளர்கள் இதற்கு அதிகம் கொடுப்பார்கள். எய்கிறவருக்கு அந்தக் கூடுதல் விலையால் ஒன்றும் கிடைப்பதில்லை. சில பழைய பியர் வில்களில் ‘1953’ என்ற ஆண்டு காணப்படும். அது காப்புரிமை ஆண்டு, தயாரித்த ஆண்டு அல்ல. டேக்டவுனை 1953 மாடல் என்று யாராவது விற்க வந்தால் சிரித்துவிட்டு நகருங்கள்.

இதே தேடலில் பழைய யமஹா, ஹாய்ட் டேக்டவுன்களும் கண்ணில் படும். ஒலிம்பிக்கில் 1920-க்குப் பிறகு வில்வித்தை திரும்ப வந்தது 1972 மியூனிக்கில். அந்தக் காலத்துப் போட்டி வில்கள் சில அருமையானவை. ஆனால் ஒரு நிறுவனத்தின் லிம்பை இன்னொன்றின் ரைசரில் மாட்ட வழிசெய்யும் இன்றைய ஐ.எல்.எஃப். பொருத்தம் வருவதற்கு முந்தையவற்றில் லிம்ப் போனால் மாற்று கிடைப்பது குதிரைக்கொம்பு. யமஹா 2002-லேயே வில் தயாரிப்பை நிறுத்திவிட்டது.

விலைக்கு வருவோம். லிம்ப் தேறினால் 600 நியாயம்தான். 55 பவுண்டு லிம்பை விற்று 35 பவுண்டு லிம்புக்கு மாறிக்கொள்ளலாம். நகம் தடுக்கினால் ரைசருக்கு மட்டும் விலை பேசுங்கள், சம்மதிக்காவிட்டால் வந்துவிடுங்கள். எப்படியும் பழைய நாணைக் கழற்றி எறிந்துவிட்டு, வில்லின் நீளத்துக்கேற்ற புது டாக்ரான் (கொஞ்சம் நீண்டு கொடுக்கும் இழை) நாண் போடுங்கள். ஃபாஸ்ட் ஃப்ளைட் வகை நாண் நீளாது, அதன் அதிர்ச்சியைத் தாங்க அந்தக் காலத்து லிம்ப் நுனிகள் செய்யப்படவில்லை. கூடவே பழைய மர அம்புகளை இலவசமாகக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், எய்யாதீர்கள்.