காதில் விழுகிறது, செய்ய முடியவில்லை

கேள்வி: தங்கச்சிமடத்தில் இருக்கிறோம். மகனுக்கு 8 வயது. ஏடிஹெச்டி, அதாவது கவனக்குறைவும் மிகைத் துடிப்பும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாத்திரை இன்னும் தொடங்கவில்லை. பள்ளிக்குக் கிளம்புவதற்குள் பத்துத் தடவை கத்த வேண்டியிருக்கிறது. வீட்டுப்பாடம் இரவு பத்து மணிவரை இழுக்கிறது. அவன் அப்பா விசைப்படகில் போகிறவர். கரையில் இருக்கும் நாளில் அடி விழுகிறது. மாமியார், ‘செல்லம் குடுத்துக் கெடுத்துட்டே’ என்கிறார். என்ன செய்வது?

பதில்: செல்லத்தால் இது வருவதில்லை அம்மா. மிட்டாய் தின்பதாலும் இல்லை. இது மூளை வளர்ச்சியைச் சேர்ந்தது. பரம்பரைக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. பல் துலக்க வேண்டும், பையை எடுக்க வேண்டும் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். அந்த நேரத்தில் அதை நினைவில் நிறுத்தி, குறுக்கே வருவதை விலக்கி, செய்து முடிப்பதில்தான் தடை. அதனால் இரவில் உட்காரவைத்துச் சொல்லும் புத்திமதி காலையில் கைகொடுக்காது. வேலை நடக்கும் இடத்தில், நடக்கும் நேரத்தில் துணை வேண்டும்.

முதலில் சொல்லும் விதத்தை மாற்றுங்கள். அடுப்படியில் இருந்தபடி கத்தாமல் அவன் பக்கத்தில் போய், கையெட்டும் தூரத்தில் நின்று பெயரைச் சொல்லுங்கள். அவன் முகம் திரும்பியதும் ஒரே ஒரு வேலை: “சட்டையைப் போடு.” “போடுறியா?” என்று கேட்டால் ‘மாட்டேன்’ என்பதற்கு நீங்களே வழிவிடுகிறீர்கள். “குளிச்சிட்டு, சட்டை போட்டு, பையை எடுத்து” என்று அடுக்கினால் பாதி நழுவிவிடும். சொன்னபின் மனசுக்குள் பத்து எண்ணுங்கள், பேசாமல். மூன்று எண்ணுவதற்குள் மறுபடி சொல்லிவிடுகிறோம். காரியம் கெடுவது பெரும்பாலும் அங்கேதான். அவன் கை பொத்தானுக்குப் போனதுமே, “சொன்னவுடனே ஆரம்பிச்சிட்டியே!” என்று சொல்லுங்கள். வெறும் ‘சமத்து’ என்றால் எதைச் சரியாகச் செய்தோம் என்று அவனுக்குப் புரியாது.

அடுத்தது கிளிஞ்சல் பாட்டில். காலையில் இரண்டு வேலை, மாலையில் இரண்டு வேலை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று முடிந்ததும் அந்த நொடியே ஒரு கிளிஞ்சல் பாட்டிலில் விழ வேண்டும். மூன்று சேர்ந்தால் அன்று மாலையே 15 நிமிடம் அவன் கேட்கும் விளையாட்டு, உங்களோடு. ‘ஞாயிற்றுக்கிழமை வாங்கித் தர்றேன்’ என்பது அவனுக்கு எட்டாத தூரம். தங்கச்சியை அடித்தான் என்று போட்ட கிளிஞ்சலைத் திரும்ப எடுக்காதீர்கள். சம்பாதித்ததைப் பறித்தால் பாட்டிலை அவன் திரும்பிப் பார்க்க மாட்டான். இரண்டு மூன்று வாரத்தில் பரிசு சலித்துப்போகும். அப்போது பரிசை மட்டும் மாற்றுங்கள், பாட்டில் இருக்கட்டும்.

பள்ளி விட்டு வந்ததும் தின்பண்டம், அரை மணி நேரம் மணலில் ஓட்டம், பிறகு புத்தகம். சுவரைப் பார்த்து உட்காரட்டும். டிவி, செல்போன் கிட்டே வேண்டாம். டைமரில் 10 நிமிடம் படிப்பு, 3 நிமிடம் எழுந்து நடை. பத்துக் கணக்கு இருந்தால் மூன்றை விட்டு மற்றதைத் தாளால் மூடிவிடுங்கள். 40 நிமிடத்தில் நிறுத்தி, ‘இவ்வளவு முடிந்தது’ என்று நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். ஆசிரியரிடம் இதை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். முன்வரிசை இடமும் கேளுங்கள்.

அடி அந்த நேரத்துக்கு அவனை நிறுத்தும், எதையும் கற்றுத் தராது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். பெரும்பகுதி பள்ளி விடுமுறையும்கூட. தினசரி ஒழுங்கு குலைவது அப்போதுதான். அப்பா முழுநேரமும் கரையில் இருக்கும் அந்த 61 நாளும் கிளிஞ்சல் போடுவது அவர் கையாக இருக்கட்டும். கடலில் இறங்கினால் கையெட்டும் தூரத்தில் ஒரு பெரியவர் கட்டாயம். நீச்சல் தெரிந்திருந்தாலும் யோசிக்காமல் பாய்கிற பிள்ளை இவன்.

மாத்திரை தொடங்கினால், வழக்கமாகத் தரும் மெத்தில்ஃபெனிடேட் மதியப் பசியைக் குறைக்கலாம், தூக்கத்தைத் தள்ளலாம். அதனால் காலைச் சாப்பாட்டை வயிறாரக் கொடுங்கள். எடையும் உயரமும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அளவை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். உங்களுக்கே தாங்க முடியாத நாளில் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழில் பேசலாம். இலவசம், இரவிலும் எடுப்பார்கள்.