பழைய வழக்கு உள்ளவரை அடித்தால் கேட்க ஆளில்லையா?

கேள்வி: என் தம்பி செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறான். எட்டு வருடங்களுக்கு முன் திருட்டு வழக்கில் ஆறு மாதம் சேலம் மத்திய சிறையில் இருந்தவன். நேற்று முன்தினம் எடையில் வெள்ளி குறைகிறதென்று அறைக்குள் பூட்டி, ‘எங்கே வைத்திருக்கிறாய்?’ என்று கேட்டுக் கம்பியால் அடித்திருக்கிறார்கள். ஜெயிலுக்குப் போனவன் புகார் எடுபடாது என்கிறார்கள். உண்மையா?
– வாசகி, அம்மாப்பேட்டை

எடுபடும். அந்த வெள்ளியை உங்கள் தம்பியே எடுத்திருந்தாலும் அவரை அடித்தது குற்றம்தான். குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கவோ பொருளைத் திரும்பப் பெறவோ ஒருவரைக் காயப்படுத்தினால் 7 ஆண்டு வரை சிறை என்கிறது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 120-ஆம் பிரிவு. அடிபட்டவர் உத்தமரா என்று அது கேட்பதில்லை. அறையில் பூட்டிவைத்தது தனிக் குற்றம், பிரிவு 127. வெள்ளி குறைந்தால் முதலாளி போக வேண்டிய இடம் காவல் நிலையம்.

உங்கள் தம்பி இருந்த அதே சிறையில்தான் 1950 பிப்ரவரி 11 அன்று 22 கம்யூனிஸ்ட் கைதிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கைதிகள்தானே என்று அதைத் தள்ளிவிட முடியுமா?

ஆனால் பழைய வழக்கு எங்குமே தலைகாட்டாது என்று சொல்ல மாட்டேன். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதைத்தான் முதலில் எடுப்பார். சாட்சி நம்பத் தகுந்தவரா என்று கேட்க அவருக்கு உரிமை உண்டு. ஆகவே புகாரில் அதை எழுதத் தேவையில்லை; உங்கள் வழக்கறிஞரிடம் மட்டும் மறைக்காதீர்கள். கேட்டால் ‘ஆமாம், தண்டனை அனுபவித்தேன்’ என்று தம்பி நேராகச் சொல்லட்டும். மறைத்து மாட்டிக்கொண்டால் கம்பியடியையும் சேர்த்துப் பொய் என்பார்கள்.

அவர் பேச்சை மட்டும் நம்பி வழக்கு நிற்காமல் இருக்க, இன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். வெட்கத்தில் பலர் மருத்துவரிடம் ‘வழுக்கி விழுந்தேன்’ என்று சொல்லிவிடுகிறார்கள். விபத்துப் பதிவேட்டில் ஏறிய அந்த ஒரு வரி பழைய வழக்கைவிடப் பெரிய கேடு. யார், எதனால், எப்போது அடித்தார்கள் என்பதைச் சொல்லுங்கள்.

காவல் நிலையத்தில் புகாரை வாங்க மறுத்தால் மாநகரக் காவல் ஆணையருக்குப் பதிவுத் தபால். அதற்கும் பதில் இல்லையென்றால் நீதித்துறை நடுவரிடம் மனு. வக்கீல் கட்டணம் கட்ட வழியில்லையென்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள்.

அடிபட்டபோது போட்டிருந்த சட்டையைத் துவைத்துவிடாதீர்கள். நிழலில் உலர்த்திக் காகித உறையில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் பூஞ்சை பிடித்துவிடும்.