ரெக்கார்ட் நோட்டும் கணினி அறிவியலும்

அன்புள்ள ஐயா,

நான் விருதுநகர் மாவட்டத்தில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் பி.இ. கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவி. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில்தான் படித்தேன். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போகும் முதல் ஆள் நான். கல்விக் கடன் வாங்கிச் சேர்ந்திருக்கிறேன். பாடத்தில் வரும் எந்த நிரலைக் கேட்டாலும் சாட்ஜிபிடி அரை நிமிடத்தில் எழுதித் தந்துவிடுகிறது. ஆய்வகத்தில் சீனியர்களின் ரெக்கார்டை, அதாவது செய்முறைப் பதிவு நோட்டைப் பார்த்து எழுதுவதோடு சரி. அது வெறும் சம்பிரதாயம் என்பது எல்லோருக்கும் தெரியும். இந்தப் படிப்பை முடிப்பதில் பயன் உண்டா? பாதியில் நிறுத்திவிட்டுச் சென்னையில், இணையதளத்தை முழுவதுமாக உருவாக்கக் கற்றுத்தரும் ஃபுல் ஸ்டாக் பயிற்சியில் சேர்ந்தால் சீக்கிரம் வேலைக்குப் போகலாம் என்கிறார்கள். உங்கள் கருத்தை எழுத வேண்டுகிறேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

படிப்பை நிறுத்தாதீர்கள். பாதியில் விட்டால் கடன் மட்டும்தான் கையில் நிற்கும். ஃபுல் ஸ்டாக் பயிற்சியை விடுமுறையில் வீட்டிலிருந்தே கற்றுக்கொள்ளலாம். அதற்காகச் சென்னையில் அறை எடுக்க வேண்டியதில்லை. தமிழ்வழியில் படித்ததை ஒரு குறையைச் சொல்வதுபோலச் சொல்லியிருக்கிறீர்கள். அது குறையே இல்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள வீட்டில் ஒருவரும் இல்லாமல் இவ்வளவு தூரம் வந்திருக்கும் உங்கள் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு.

அந்த மதிப்பு இருப்பதால்தான் உங்கள் கடிதத்தின் ஒரு வரி எனக்குக் கோபத்தை உண்டாக்கியது. சீனியரின் ரெக்கார்டைப் பார்த்து எழுதுவது வெறும் சம்பிரதாயம் என்கிறீர்கள். நீங்கள் படிக்க வந்த படிப்பே அந்த ரெக்கார்டுக்குள்தான் இருந்தது. அதை ஒருமுறைகூடத் திறந்து பார்க்காமல், படிப்பில் பயன் உண்டா என்று என்னிடம் கேட்கிறீர்கள். சில வாரங்களுக்கு முன் உறவினர் வீட்டில் ஒரு பெண் இரவெல்லாம் உட்கார்ந்து ரெக்கார்ட் எழுதியதைப் பார்த்ததிலிருந்து இதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் கடிதமும் இப்போது வந்து சேர்ந்தது.

ரெக்கார்டின் வடிவத்தைப் பாருங்கள். நோக்கம், படிமுறை, நிரல், வெளியீடு, முடிவு. கடைசி வரி எல்லா நோட்டிலும் ஒன்றுதான்: நிரல் வெற்றிகரமாக இயக்கப்பட்டு வெளியீடு சரிபார்க்கப்பட்டது. இயற்பியல் ஆய்வக நோட்டிலும் இதே அமைப்புதான், ஆனால் அங்கே நடுவில் அளவீடுகளின் அட்டவணை ஒன்று இருக்கும். ஒருவருடைய எண்கள் இன்னொருவருடைய எண்களோடு அப்படியே பொருந்தினால் ஆசிரியருக்குச் சந்தேகம் வந்துவிடும். நம்முடைய நோட்டில் அந்த அட்டவணை இல்லை. வகுப்பு முழுவதும் ஒரே உள்ளீட்டைக் கொடுத்து ஒரே வெளியீட்டை எழுதுகிறது. என்ன சரிபார்க்கப்பட்டது, எந்த உள்ளீட்டில் நிரல் தவறியது, ஏன் தவறியது என்று எழுத அதில் ஓர் அங்குல இடம்கூடக் கிடையாது.

உங்கள் ரெக்கார்டில் பைனரி சர்ச் கட்டாயம் இருக்கும். வரிசைப்படுத்திய பட்டியலைப் பாதி பாதியாகக் குறைத்து ஓர் எண்ணைத் தேடும் முறை அது. அதையே எடுத்துக்கொள்வோம். 4, 9, 15, 23, 31, 42, 57 என ஏழு எண்கள் ஏறுவரிசையில், சுழியம் முதல் ஆறு வரையிலான இடங்களில் இருக்கின்றன. தேடும் பகுதியின் தொடக்கமான லோ சுழியம், முடிவான ஹை ஆறு, நடு இடமான மிட் மூன்று. அங்கே இருப்பது 23. நீங்கள் தேடுவது 23 என்றால் முதல் சுற்றிலேயே கிடைத்துவிடும், வெளியீட்டை எழுதிக் கையெழுத்தும் வாங்கிவிடலாம். இப்போது 57ஐத் தேடுங்கள். அது 23ஐவிடப் பெரியது என்பதால் லோ நான்காகிறது, மிட் ஐந்து, அங்கே 42. லோ ஆறாகிறது, ஹையும் ஆறு. ‘லோ, ஹையைவிடச் சிறியதாகவோ சமமாகவோ இருக்கும்வரை’ என்று, சுற்றைத் தொடரச் சொல்லும் வைல் வரியை எழுதியிருந்தால் இன்னொரு சுற்று ஓடி 57 கிடைக்கும். ‘சமமாகவோ’ என்பதை விட்டிருந்தால் வளையம் அங்கேயே முடிந்து, இருக்கிற எண்ணை இல்லை என்று சொல்லிவிடும்.

நான் படித்த கல்லூரியில் இதுவே நடந்தது. சமக்குறி விடுபட்ட நிரல் ஒன்று சீனியர்களிடமிருந்து இறங்கி வந்து, வகுப்பில் பலருடைய நோட்டில் சிவப்பு மையில் கையெழுத்தோடு அமர்ந்திருந்தது. செய்முறைத் தேர்வன்று வெளியிலிருந்து வந்த தேர்வாளர், என் பக்கத்து இருக்கைத் தோழியிடம் கடைசி எண்ணைத் தேடச் சொன்னார். நிரல் எழுதும் மென்பொருளான டர்போ சியின் நீலத்திரைக்கு வெளியே கருந்திரையில் ‘இல்லை’ என்று வந்தது. அவள் பதறிப்போய் மறுபடி மறுபடி ஓட்டினாள். தேர்வாளர் திட்டவில்லை. விடைத்தாளின் பின்பக்கத்தில் லோ, ஹை, மிட் என்று மூன்று பத்திகள் கோடிட்டு, கையால் நிரப்பச் சொன்னார். மூன்றாவது வரி வந்ததும் அவளே பிழையைக் கண்டுபிடித்தாள். இரண்டு ஆண்டுகளில் எங்களுக்குக் கிடைத்த மிகச் சிறந்த வகுப்பு அதுதான், அதுவும் தேர்வு நாளில்.

இது மாணவர் செய்யும் பிழைதானே என்று நினைத்துவிட வேண்டாம். மென்பொருள் பொறியாளர் ஜோஷுவா பிளாக் 2006இல் ஒரு கட்டுரை எழுதினார். ஜாவா என்ற நிரல்மொழியின் நூலகத்தில், அதாவது அதோடு வரும் ஆயத்த நிரல்களின் தொகுப்பில், அவரே எழுதியிருந்த பைனரி சர்ச்சில் ஒன்பது ஆண்டுகளாக ஒரு பிழை ஒளிந்திருந்தது என்றும், கணினி அறிவியலாளர் ஜான் பென்ட்லி சரியென்று நிறுவிக் காட்டிய நிரலிலும் அதே பிழை உண்டு என்றும் அதில் சொன்னார். பிழை இருந்தது மிட் கண்டுபிடிக்கும் வரியில். லோவையும் ஹையையும் கூட்டி இரண்டால் வகுக்கிறோம் அல்லவா? கணினி ஒரு முழு எண்ணுக்கு ஒதுக்கும் 32 பிட் இடத்தில் அடங்கும் மிகப்பெரிய மதிப்பு 2,14,74,83,647. லோ 150 கோடி, ஹை 160 கோடி என்றால் கூட்டுத்தொகை 310 கோடி. அது அந்த இடத்தில் அடங்காமல் குறை எண்ணாகிவிடும், மிட்டும் குறை எண்ணாகும். ஹையிலிருந்து லோவைக் கழித்து, வருவதைப் பாதியாக்கி, லோவோடு கூட்டினால் 155 கோடி சரியாக வரும். ஏறத்தாழ 107 கோடி உறுப்புகளைத் தாண்டிய பட்டியல்களில்தான் இது வெளிப்படும் என்பதால் அத்தனை ஆண்டுகள் யார் கண்ணிலும் படவில்லை. நீங்கள் சம்பிரதாயம் என்று தள்ளிய நிரலில் இவ்வளவு இருக்கிறது.

சாட்ஜிபிடியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சீனியரின் நோட்டைப் பார்த்து எழுதுவதற்கும் அது தருவதை அப்படியே ஒட்டுவதற்கும் என்ன வேறுபாடு? எழுதித் தருவதற்கு ஆள் எப்போதும் இருந்தது, இப்போது வேகம் கூடியிருக்கிறது, அவ்வளவுதான். அது எழுதித் தந்தது சரியா என்று கேட்டு, தவறக்கூடிய உள்ளீட்டைத் தேடிக் கண்டுபிடிக்கிறவருக்குத்தான் இந்தப் படிப்பு தேவை. கான்பூர் ஐஐடிக்கு 1963இல் ஐபிஎம் 1620 கணினி வந்தபோது நிரலைத் துளையிட்ட அட்டைகளில் கொடுக்க வேண்டியிருந்தது. நினைத்த மாத்திரத்தில் ஓட்டித் திருத்திக்கொள்ளும் வசதி அன்று இல்லை, ஆகவே அட்டையைக் கொடுப்பதற்கு முன் தாளில் வரி வரியாக ஓட்டிப் பார்ப்பதே பழக்கமாக இருந்தது. அந்தப் பழக்கத்துக்குக் கட்டணம் கிடையாது, நல்ல கல்லூரி வேண்டியதில்லை, ஆங்கிலமும் வேண்டியதில்லை.

பாடத்திட்டம் வகுப்பவர்களிடம் என் கோரிக்கை ஒன்றே. ரெக்கார்டில் வெளியீட்டுக்கு அடுத்து ‘தவறிய ஓட்டங்கள்’ என்று ஒரு பக்கம் ஒதுக்குங்கள். அந்தப் பக்கம் காலியாக இருக்கும் நோட்டில் கையெழுத்துப் போடாதீர்கள். நோட்டின் தடிமனுக்கு வழங்கும் மதிப்பெண்ணை அந்தப் பக்கத்துக்கு வழங்குங்கள்.

அவர்கள் செய்யும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே உங்கள் பைனரி சர்ச்சை எடுத்து நான்கு உள்ளீடுகளைக் கொடுங்கள்: காலியான பட்டியல், ஒரே எண் உள்ள பட்டியல், எல்லா எண்களையும்விடப் பெரிய எண்ணைத் தேடுவது, ஒரே எண் மூன்று முறை வரும் பட்டியல். கடைசி உள்ளீட்டில் உங்கள் நிரல் அந்த மூன்றில் எந்த இடத்தைச் சொல்கிறது, எப்போதும் முதல் இடத்தையே சொல்ல வேண்டுமென்றால் எந்த வரியை மாற்ற வேண்டும் என்று தாளில் ஓட்டிப் பார்த்து எழுதுங்கள். யாரையும் எதையும் கேட்காமல் எழுதி, அந்தத் தாளைப் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். அடித்தல் திருத்தல்களோடு இருக்கட்டும்.

அன்புடன்.