குடும்பம் தெரியாத தும்பிக்காக மரத்தை வெட்டலாமா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதி மலையோடைகளில் வாழும் சின்கார்டூலியா என்ற தும்பியை நெடுங்காலம் ஒரு குடும்பத்தில் வைத்திருந்த விஞ்ஞானிகள், பிறகு அது எந்தக் குடும்பம் என்று உறுதியில்லை என்றுவிட்டார்களாம். வகையே தெரியாத பூச்சிக்காக ஓடைக்கரை மரங்களை வெட்டுவது என்ன நியாயம்?
– வாசகர், சாட்ஸ்வர்த்

பதில்: வகை தெரியாத பூச்சி என்று நீங்கள் எழுதியிருப்பது சரியன்று. சின்கார்டூலியா ஒரு பேரினம். அதில் நான்கு சிற்றினங்கள் உள்ளன. முதலாவதை 1839இல் பர்மைஸ்டரும், இரண்டாவதை 1933இல் கேப் டவுன் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த கே. எச். பார்னார்டும் விவரித்தார்கள். மற்ற இரண்டும், அருங்காட்சியகச் சேகரிப்புகளை மீண்டும் ஆராய்ந்தும் ஓடைகளில் நேரில் தேடியும் பார்த்த பிறகு, 2007இல்தான் டைக்ஸ்ட்ரா, சேம்வேஸ், சிமைக்கா ஆகிய மூவரால் பெயர் பெற்றன. இவை எவை என்பதில் குழப்பம் ஏதுமில்லை. இவற்றுக்கு உறவு எவை என்பதே தீராமல் இருந்த கேள்வி.

முன்பு, இறக்கை நரம்புகளின் அமைப்பை முதன்மையாகக் கொண்டு, இவற்றைக் கார்டூலிடே குடும்பத்தில் சேர்த்திருந்தார்கள். ஆனால் அந்தக் குடும்பத்தில் அடங்கியிருந்த பல தும்பிகளின் ஒற்றுமை, தொன்மையான மூதாதையிடமிருந்து வந்து மாறாமல் நின்றுவிட்ட சாயல்தான். கொள்ளுப்பாட்டனின் மூக்கு இருவருக்கு வாய்த்திருப்பதால் அவர்கள் உடன்பிறந்தவர்கள் ஆகிவிடுவதில்லை. டிஎன்ஏ ஒப்பீடுகள் வந்தபின், சின்கார்டூலியாவின் உறவு ஆஸ்திரேலியா, தென் அமெரிக்கா, ஆசியா எனச் சிதறிக் கிடக்கும் சில பழைய பேரினங்களோடு என்று தெரிந்தது. அவற்றுள் ஒன்றான இடியோனிக்ஸ், நம் முன்னோர் கப்பலேறிய இந்தியாவின் மேற்குத் தொடர்ச்சி மலையில், காட்டோடைகளின் மேல் இன்றும் பறக்கிறது. 2013இல் வெளிவந்த உலக வகைப்பாடு, போதிய சான்று இல்லாமல் இவற்றை ஒரு குடும்பத்தில் திணிக்க மறுத்து, இடம் உறுதியாகாதவை என்று தனியே நிறுத்தியது. இதை அறிவியலின் தடுமாற்றம் என்கிறீர்கள். நான் அதன் நேர்மை என்பேன். நெருங்கிய உறவுகள் அழிந்தும் தொலைதூரம் பிரிந்தும் போனதால்தான் இதை ஓரிடத்தில் வைப்பது கடினமாயிற்று. அப்படிப்பட்ட ஒன்றை இழந்தால் அதன் இடத்தை நிரப்ப வேறொன்று இல்லை என்பதால், உங்கள் வாதம் உங்களுக்கு எதிராகவே திரும்புகிறது.

இனி மரங்கள். வெட்டப்படுபவை இந்த மண்ணின் மரங்கள் அல்ல. வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டுப் பரவிய பைன், கறுப்பு வாட்டில் போன்றவை. தோல் பதனிடும் பட்டைக்காக நம் நேட்டால் மாகாணத்தில் தோட்டம் தோட்டமாக வளர்க்கப்பட்ட அதே வாட்டில்தான். இவை கரையில் நெருங்கி வளரும்போது ஓடையின் மேல் வெயில் விழுவதில்லை. வெயிலில் பறந்து இரை தேடும் தும்பிக்கு அந்த ஓடை பயன்படாது. அந்நிய மரங்களை அகற்றிய ஓடைகளுக்கு, கேப் பகுதிக்கே உரிய அரிய தும்பிகள் மீண்டு வந்ததை ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் சேம்வேஸும் அவருடைய மாணவர்களும் பதிவு செய்திருக்கிறார்கள். இன்னொன்றையும் நீங்கள் கவனிக்க வேண்டும்: 1995இல் அரசு தொடங்கிய அந்நிய மர அகற்றும் திட்டத்தின் முதல் நோக்கம் தும்பி அன்று, அந்த மரங்கள் மிகுதியாக உறிஞ்சிவிடும் தண்ணீர். கேப் டவுன் மக்கள் 2018இல் குடங்களோடு வரிசையில் நின்று ஊற்றுநீர் பிடித்த நாட்டில், அதை ஒரு பூச்சிக்காக நடக்கும் வீண்வேலை என்று எழுதுவதற்கு முன் சற்று விசாரித்திருக்கலாம்.