ஆப்ப சோடாவும் பேக்கிங் பவுடரும் ஒன்றா?

கேள்வி: மகளின் பிறந்தநாளுக்கு முதன்முதலாக வீட்டிலேயே வெனிலா கேக் செய்தேன். மைதா 2 கப், பால் 1 கப், வெண்ணெய், சர்க்கரை, முட்டை 2, பேக்கிங் பவுடர் 2 டீஸ்பூன் என்பது அளவு. மளிகைக் கடையில் பேக்கிங் பவுடர் இல்லை. "ஆப்ப சோடாவும் அதுவும் ஒன்றுதான்" என்று சொல்லிக் கொடுத்தார்கள். அதையே 2 டீஸ்பூன் போட்டேன். ஓவனில் நன்றாக உப்பி வந்து, பிறகு நடுவில் குழி விழுந்துவிட்டது. மேலே கருத்து, உள்ளே மஞ்சளாக, வாயில் வைத்தால் சோப்பு மாதிரி இருந்தது. குழந்தை ஒரு வாயோடு வைத்துவிட்டாள். பக்கத்து வீட்டில் ஈனோ போடலாம் என்கிறார்கள், என் நாத்தனார் ஈஸ்ட் என்கிறார். எதை எப்போது போடுவது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கும்பகோணம்

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் கைப்பக்குவத்தில் ஒரு குறையும் இல்லை. எழுதியிருக்கும் அளவும் சரியான அளவுதான். மாறிப்போனது அந்த ஒரு பொட்டலம் மட்டுமே.

கடைக்காரர் சொன்னது முழுத் தவறும் இல்லை. பேக்கிங் பவுடருக்குள்ளும் ஆப்ப சோடாதான் இருக்கிறது. ஆனால் கால் பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்கு. மீதி என்ன? சோடாவோடு சேர்ந்து பொங்குவதற்கான உலர்ந்த புளிப்பு உப்புகள், அப்புறம் சோள மாவு. டப்பாவுக்குள்ளேயே அவை ஒன்றோடொன்று வேலையைத் தொடங்கிவிடாதபடி, ஈரத்தை வாங்கிக்கொள்ளத்தான் அந்தச் சோள மாவு. ஆக, நீங்கள் போட்ட 2 டீஸ்பூன் சோடா, 6 முதல் 8 டீஸ்பூன் பேக்கிங் பவுடருக்குச் சமம்.

அளவு கூடியது பாதிக் காரணம்தான். ஆப்ப சோடா ஒரு காரப் பொருள் (மிளகாய்க் காரம் அல்ல, புளிப்புக்கு எதிரான தன்மை). புளிப்பு எதுவாவது சேர்ந்தால்தான் அது முழுதாக வேலை செய்யும். சோடாவின் மேல் எலுமிச்சை பிழிந்தால் நுரைத்துப் பொங்குகிறதே, அந்தக் கரியமில வாயுதான் கேக்கை உப்ப வைக்கிறது. உங்கள் கேக்கில் பால், வெண்ணெய், முட்டை, வெள்ளைச் சர்க்கரை. சொல்லும்படியான புளிப்பு ஒன்றுமே இல்லை. துணை கிடைக்காத சோடா, ஓவன் சூட்டில் தானாகவே உடைந்து கொஞ்சம் வாயுவை விட்டது. மிச்சம் சலவைச் சோடாவாக மாறி கேக்கிலேயே தங்கிவிட்டது. சோப்பு ருசி என்று எழுதியிருக்கிறீர்கள். நாக்கு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

மேலே கருத்ததும் உள்ளே மஞ்சளானதும் இதே காரத்தால்தான். காரம் மிகுந்த மாவு சீக்கிரம் சிவந்து கருக்கும். மைதாவில் இயல்பாக உள்ள நிறமிகளும் அதில் மஞ்சளாகத் தெரியும். குழி விழுந்தது வாயு அதிகமானதால். மாவு வெந்து இறுகுவதற்கு முன்பே குமிழிகள் பெருத்து, ஒன்றோடொன்று சேர்ந்து உடைந்துவிட்டன.

இனி எந்தக் கேக் குறிப்பைப் பார்த்தாலும் முதலில் ஒன்றைத் தேடுங்கள்: இதில் புளிப்பு எங்கே இருக்கிறது? தயிர், மோர், எலுமிச்சைச் சாறு, வினிகர் இருந்தால் சோடா போடலாம். நன்கு கனிந்த வாழைப்பழம், தேன் இவற்றிலும் ஓரளவு புளிப்பு உண்டு. சாதாரண கோகோவிலும் உண்டு. ஆனால் டச்சு முறை கோகோ என்று கடைகளில் விற்கும் கருநிறத் தூளில் அதைக் காரம் சேர்த்துப் போக்கியிருப்பார்கள். அந்தத் தூளுக்குப் பேக்கிங் பவுடர்தான் சரி. புளிப்பே இல்லாத, உங்கள் வெனிலா கேக் போன்றவற்றுக்கும் அதுவேதான். ஒரு கப் மைதாவுக்கு ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடர், அல்லது புளிப்போடு சேர்த்துக் கால் டீஸ்பூன் சோடா என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முட்டையில்லாத கேக்குகளில் இரண்டையும் கேட்பார்கள். தயிரின் புளிப்பைச் சமன் செய்யச் சோடா, அதற்கு மேலும் உப்புவதற்குப் பவுடர்.

இது நமக்குப் புதிய பாடமும் இல்லை. ஆப்ப சோடா என்ற பெயரையே பாருங்கள். ஆப்ப மாவு இரவெல்லாம் புளித்திருக்கும். அந்தப் புளிப்பு இருப்பதால்தான் காலையில் ஒரு சிட்டிகை சோடா போட்டதும் மாவு பொங்குகிறது. என் அம்மா சோடாவைக் கல் சூடான பிறகே, அதுவும் இரண்டு ஆப்பத்துக்கான மாவைத் தனியாக எடுத்து, அதில்தான் கரைப்பார். அந்தப் பழக்கத்துக்கு அர்த்தம் எனக்குக் கேக் செய்யத் தொடங்கிய பிறகுதான் புரிந்தது. சோடாவும் புளிப்பும் ஈரத்தில் சந்தித்த உடனே வாயு வரத் தொடங்கிவிடும், நமக்காகக் காத்திருக்காது. சோடா போட்ட கேக் மாவு உடனே ஓவனுக்குள் போக வேண்டும்.

பேக்கிங் பவுடர் கொஞ்சம் பொறுக்கும். இன்று கிடைப்பவற்றில் பெரும்பாலும் இரண்டு முறை வேலை செய்யும் வகைதான்: ஈரம் பட்டதும் ஒரு பங்கு, சூடு ஏறியதும் மீதி. 1843-இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஆல்ஃபிரட் பேர்ட் என்ற மருந்து வணிகர் பேக்கிங் பவுடர் ஒன்றைச் செய்தார். அவருடைய மனைவிக்கு ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாது. அவருக்காகச் செய்தது அது. வீட்டில் ஒருவர் ரொட்டி சாப்பிட வேண்டும் என்ற அக்கறையில் பிறந்த பொருள் என்பதால் எனக்கு அதன் மேல் தனிப் பிரியம்.

ஈனோ கேட்டிருந்தீர்கள். அதில் முக்கியமாக இருப்பவை சோடாவும் சிட்ரிக் அமிலமும்தான். தனக்கு வேண்டிய புளிப்பைத் தானே கொண்டுவருகிறது, ஆனால் ஈரம் பட்ட கணமே முழுதும் பொங்கி அடங்கிவிடும். டோக்ளா, ரவா இட்லி போல, கலந்த கையோடு ஆவியில் வைப்பவற்றுக்கு அருமையானது. கேக்குக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

உங்கள் நாத்தனார் சொல்லும் ஈஸ்ட் வேறு வகை. அது உயிருள்ள நுண்ணுயிர். சர்க்கரையைத் தின்று மெதுவாக வாயு விடும். மணிக்கணக்கில் நேரம் வேண்டும். அவ்வளவு நேரம் வாயுவைப் பிடித்து வைக்க, நன்கு பிசைந்து இழுவிசை ஏறிய மாவு வேண்டும். பன், பிரெட், பீட்சாவுக்கு அது பொருந்தும். தளதளவென்று இருக்கும் கேக் மாவில் வாயு நிற்காது. நாத்தனாரோடு சேர்ந்து ஒருநாள் பன் செய்யுங்கள். உலர் ஈஸ்ட்டை விரல் பொறுக்கும் வெதுவெதுப்பான நீரில் சிட்டிகை சர்க்கரையோடு கரைத்தால் 10 நிமிடத்தில் நுரை கட்ட வேண்டும். நீர் கொதித்திருந்தால் ஈஸ்ட் செத்துவிடும். இன்ஸ்டன்ட் ஈஸ்ட் என்றால் நேரே மாவிலேயே கலக்கலாம். வெளிநாட்டுக் குறிப்புகளில் ஒன்றரை மணி நேரம் ஊறவிடச் சொல்வார்கள். நம் சித்திரை வெயிலில் அதில் பாதி நேரத்திலேயே மாவு இரட்டிப்பாகிவிடும். கடிகாரத்தைப் பார்க்காமல் மாவைப் பாருங்கள்.

பேக்கிங் பவுடர் வாங்கியதும் சோதித்துக்கொள்ளுங்கள். அரை டீஸ்பூன் தூளில் சுடுநீர் ஊற்றினால் சரசரவென்று பொங்க வேண்டும். பொங்காவிட்டால் அது ஈரம் பட்டுப் போன தூள். சோடாவுக்கு இதே சோதனையை எலுமிச்சைச் சாறு விட்டுச் செய்யலாம். இன்னொன்று: இவை எதுவும் புதிதாகக் குமிழியை உண்டாக்குவதில்லை. வெண்ணெயையும் சர்க்கரையையும் அடிக்கும்போது உள்ளே சிக்கும் காற்றுக் குமிழிகளைத்தான் பெரிதாக்குகின்றன. அதனால் அந்த அடியில் கஞ்சத்தனம் வேண்டாம். நிறம் வெளுத்து, பஞ்சு போல ஆகும்வரை அடியுங்கள்.

கையிலிருக்கும் சோடாவைத் தூக்கிப் போட வேண்டாம். அதை வைத்தே மகளுக்கு மறுபடியும் கேக் செய்யலாம். உங்கள் அளவில் இரண்டே மாற்றம்: சோடா அரை டீஸ்பூன், தலை தட்டி, பால் 1 கப்புக்குப் பதிலாகக் கெட்டி மோர் 1 கப். மோர் இல்லையென்றால் பாலில் ஒரு டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறு விட்டு 10 நிமிடம் வைத்தால் திரிந்து தயாராகிவிடும். சோடாவை மைதாவோடு சேர்த்து இரண்டு முறை சலியுங்கள், கட்டி நின்றால் அந்த இடம் கசக்கும். ஓவனை முதலிலேயே 180 டிகிரிக்குச் சூடாக்கிவிட்டு, மாவைக் கலந்ததும் உள்ளே வையுங்கள். முதல் 25 நிமிடம் கதவைத் திறக்காதீர்கள். 35-ஆவது நிமிடத்தில் நடுவில் ஒரு குச்சியைச் செருகிப் பாருங்கள். ஈரமாவு ஒட்டாமல் வந்தால் எடுத்துவிடலாம்.