தண்டவாளம் போன தடத்தில் க்ளூனிக்கு: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: நானும் என் மனைவியும் அறுபதைக் கடந்தவர்கள். ஐரோப்பாவில் பழைய புனிதத் தலங்கள் நிறைந்த நாட்டுப்புறம் ஒன்றைச் சைக்கிளிலேயே சுற்றிவர ஆசை; ஆனால் காரும் லாரியும் உரசிக்கொண்டு போகும் சாலையில் ஓட்டும் துணிவு இல்லை. ஸ்பெயினில் உள்ள சந்தியாகப்பர் யாத்திரை வழியைப் பலர் சொல்கிறார்கள். அது எங்களுக்குச் சரிப்படுமா?
- திருச்சி வாசகர்

பதில்: அந்த வழி அடிப்படையில் நடப்பவர்களுக்கானது. சைக்கிளில் போகிறவர்கள் பல இடங்களில் கல்லும் சரளையுமான பாதையில் நடையாளர்களோடு நெருக்கியடித்துப் போகவேண்டும். இல்லையென்றால் பக்கத்துச் சாலையில் ஏறிக்கொள்ள வேண்டும். உங்கள் நிபந்தனைகளுக்குப் பிரான்சின் தெற்குப் பர்கண்டிதான் பொருந்தும் என்பது என் கருத்து. ஷலோன் நகருக்கு மேற்கே உள்ள ஜிவ்ரி என்ற சிற்றூரிலிருந்து, ஒரு காலத்தில் பெரும் துறவு மடம் இருந்த க்ளூனி வரை, ரயில் ஓட்டம் நின்றுபோன தடத்தின் மேல் 44 கிலோமீட்டருக்குப் பாதை அமைத்து 1997-இல் திறந்தார்கள். 'பசுமை வழி' என்று பிரெஞ்சுக்காரர்கள் அழைக்கும் இவ்வகைப் பாதைகளில் அந்நாட்டில் முதலாவது இதுதான். மோட்டார் வாகனம் எதற்கும் இதில் அனுமதி இல்லை. நடப்பவர்கள், சைக்கிள் ஓட்டுபவர்கள், சறுக்குக் காலணி மாட்டிய பிள்ளைகள், சக்கர நாற்காலியில் வருபவர்கள் ஆகியோருக்கே உரியது. நீராவி எஞ்சின் இழுப்பதற்காகப் போட்ட தடம் என்பதால் செங்குத்தான ஏற்றம் எங்கும் இருக்க முடியாது. ஊர்ச் சாலைகள் குறுக்கிடும் இடங்களில் மட்டும் இறங்கி, இருபுறமும் பார்த்துக் கடந்தால் போதும்.

ஜிவ்ரியையும் பியூசியையும் சுற்றித் திராட்சைத் தோட்டங்கள். சேன் ஜாங்கூவைத் தாண்டித் தெற்கே வந்தால், ஷரொலே இன வெள்ளை மாடுகள் மேயும் புல்வெளிகள். பழக்கப்பட்ட கால்களுக்கு இது மூன்று மணி நேர வேலை. ஆனால் அப்படி முடிப்பது வீண் என்பேன், ஏனென்றால் ரயில் பள்ளத்தாக்கைப் பார்த்துப் போனது, பழைய கோயில்களோ பெரும்பாலும் பக்கத்து மேடுகளில் நிற்கின்றன. கோர்மத்தனுக்குக் கிழக்கே ஷபேஸ் என்ற குக்கிராமத்தில் பதினோராம் நூற்றாண்டுக் கோயில் ஒன்று இருக்கிறது. ஊர் வீடுகளுக்குச் சற்றும் பொருந்தாத உயரத்தில் அதன் மணிக்கூண்டு எழுந்து நிற்கிறது. அதைப் பார்க்கப் பசுமை வழியை விட்டுச் சில கிலோமீட்டர் கிராமச் சாலையில் போகத்தான் வேண்டும். அந்தச் சாலைகளில் எப்போதாவது ஒரு டிராக்டர் வரும், அவ்வளவே. மூன்று நாள் ஒதுக்குங்கள். இப்படி விலகிப் போவதற்கே பாதி நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: க்ளூனியில் இடிபாடுதான் மிச்சம் என்று போய்வந்த உறவினர் சொன்னார். அவ்வளவு தூரம் மிதித்துப் போய்ப் பார்க்க அங்கே என்ன இருக்கிறது?
- புதுச்சேரி வாசகி

பதில்: உறவினர் சொன்னது உண்மைதான். அக்கித்தேன் கோமகன் வில்லியம் 910-ஆம் ஆண்டு கொடுத்த நிலத்தில், உள்ளூர்ப் பிரபுவுக்கோ ஆயருக்கோ கட்டுப்படாமல் ரோமுக்கு மட்டும் பதில் சொல்லும் ஏற்பாட்டோடு தொடங்கிய மடம் அது. அந்தச் சுதந்திரமே அதை ஐரோப்பா முழுவதும் கிளை மடங்கள் கொண்ட பேரமைப்பாக வளர்த்தது. மடாதிபதி ஹ்யூ 1088-இல் தொடங்கிய மூன்றாவது கோயிலின் நீளம் 187 மீட்டர். ரோமில் இன்றுள்ள புனித பேதுரு பேராலயம் எழும்வரை கிறிஸ்தவ உலகில் அதைவிடப் பெரிய கோயில் கிடையாது. பிரெஞ்சுப் புரட்சி துறவியரை வெளியேற்றியது. 1798-இல் கட்டடம் விலைபோனது. வாங்கியவர்கள் அதைக் கல் குவாரியாக நடத்தினார்கள். 1823 வரை இடிப்பு தொடர்ந்தது. நெப்போலியன் காலத்தில் அங்கே ஏற்படுத்திய அரசுக் குதிரைப் பண்ணைக்கும் அந்தக் கற்கள் போயின. போர் இடித்திருந்தால்கூட மனம் ஆறும். கூலி கொடுத்து, கணக்கெழுதி, நிதானமாகப் பெயர்த்து விற்றிருக்கிறார்கள்.

ஆனாலும் போய்ப் பாருங்கள் என்றே சொல்வேன். மேற்கு வாயில் இருந்த இடத்தில், தோண்டியெடுத்த தூண்களின் அடிக்கட்டைகள் வெட்டிய மரங்களைப் போல வரிசையாக நிற்கின்றன. அங்கே நின்று கிழக்கே பார்த்தால், சிலுவை வடிவக் கோயிலில் மிஞ்சியிருக்கும் தெற்குக் குறுக்குக் கையின் எண்கோணக் கோபுரம் வீட்டுக் கூரைகளுக்கு அப்பால் எங்கோ தெரியும். அந்த இடைவெளி முழுவதும் ஒரே கூரையின் கீழ் இருந்தது என்பதை உள்வாங்கச் சிறிது நேரம் பிடிக்கும். பிறகு அந்தக் குறுக்குக் கைக்குள் நுழைந்து அண்ணாந்து பாருங்கள். கோயிலின் ஒரு துண்டே கழுத்தை வலிக்கச் செய்யும் உயரம்.

உங்கள் ஊர்க்காரர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. நவம்பர் 2-ஆம் நாள் புதுச்சேரிக் கல்லறைத் தோட்டங்களில் மெழுகுவத்தியும் மாலையுமாகக் கூட்டம் நிறைகிறதே, அந்தக் கல்லறைத் திருநாளை அந்தத் தேதியில் அனுசரிக்கத் தம் மடங்களுக்கெல்லாம் ஆணையிட்டவர் க்ளூனியின் ஐந்தாம் மடாதிபதி ஓடிலோ. ஏறத்தாழ 998-இல் அவர் தொடங்கிய வழக்கம் பின்னர் திருச்சபை முழுமைக்கும் பரவியது.

க்ளூனியோடு நிறுத்திவிடாமல் பெர்ஸே-லா-வில் வரை தெற்கே போகவும் முயலுங்கள். ஹ்யூ தம் முதிய வயதில் ஓய்வுக்கு வந்து தங்கிய மடத்துப் பண்ணை அது. அங்குள்ள சிறிய சிற்றாலயத்தில், சுண்ணாம்புப் பூச்சுக்குள் மறைந்து கிடந்து 1887-இல் வெளிப்பட்ட பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சுவரோவியம் இருக்கிறது. அரியணையில் அமர்ந்த கிறிஸ்துவின் ஆடை மடிப்புகளைக் கையெட்டும் தூரம்போல அருகில் நின்று பார்க்கலாம். இடித்து அழிந்த பெருங்கோயிலின் சுவர்கள் எப்படி மின்னியிருக்கும் என்பதை ஊகிக்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

கேள்வி: க்ளூனிக்குத் தெற்கே பாதை சுரங்கத்துக்குள் போகிறதாமே? எனக்கு இருட்டு என்றால் பயம்.
- நாகர்கோவில் வாசகி

பதில்: ஆம், புவா க்ளேர் என்ற பழைய ரயில் சுரங்கம், 1.6 கிலோமீட்டர் நீளம். உள்ளே விளக்கு உண்டு என்றாலும் சைக்கிளிலும் விளக்கு இருக்கட்டும், கோடையில்கூட ஒரு மேல்சட்டையும் கைவசம் இருக்கட்டும், உள்ளே குளிரும். குளிர்காலத்தில் வௌவால்கள் தங்குவதற்காகச் சுரங்கத்தை மூடிவிடுவார்கள். அப்போது மலைக்கு மேலே சுற்றிப் போகும் வழிதான் உண்டு, அதில் நல்ல ஏற்றம். பயம் அதிகமென்றால் உங்களுக்கும் அந்த வழியே இருக்கிறது.

கேள்வி: தேசே சமூகத்தில் சைக்கிள் பயணிகள் இரவு தங்க முடியுமா?
- மதுரை வாசகர்

பதில்: பல சபைக் கிறிஸ்தவர்கள் சேர்ந்து வாழும் துறவற சமூகம் தேசே. அதைத் தொடங்கிய சகோதரர் ரோஜர் 1940-இல் சுவிட்சர்லாந்திலிருந்து வந்து குடியேறிய குன்று, க்ளூனிக்கு வடக்கே ஏறத்தாழ 10 கிலோமீட்டரில், பசுமை வழிக்கு நேர் மேலே இருக்கிறது. கடைசி ஏற்றத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனாலும் குறைவில்லை. தங்குமிடம் முதன்மையாக இளைஞர்களுக்கானது, அதுவும் வாரக் கணக்கில் தங்கிச் செபத்திலும் வேலையிலும் பங்கெடுப்பவர்களுக்கானது. முன்கூட்டியே எழுதிக் கேட்காமல் போய் நிற்காதீர்கள். விடுதியாக மட்டும் அதைப் பயன்படுத்த நினைப்பது முறையும் அல்ல. காலை, நண்பகல், மாலை என மூன்று வேளைச் செபம் யாருக்கும் திறந்தது. நண்பகல் செபத்துக்கு வந்து சேருமாறு பயணத்தை அமைத்துக்கொள்ளுங்கள். ஒரே வரியைப் பல மொழிக்காரர்கள் சேர்ந்து திரும்பத் திரும்பப் பாடும்போது, மொழி தெரியாத நாமும் மூன்றாம் சுற்றில் சேர்ந்துகொள்வோம்.

கேள்வி: வழியில் சோறு தண்ணீருக்கு என்ன செய்வது? சட்டதிட்டங்கள் ஏதும் உண்டா?
- கோவை வாசகர்

பதில்: சோற்றை மறந்துவிடுங்கள், ரொட்டிக் கடை இருக்கிறது. ஆனால் நண்பகலில் பல கடைகள் மூடிவிடும், ஞாயிறு பிற்பகலிலும் திங்களிலும் கிராமமே அடைத்துக் கிடக்கும். எனவே சனிக்கிழமையே வாங்கிப் பையில் வையுங்கள். தண்ணீருக்கு அங்குள்ள சைக்கிள்காரர்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தைத் தேடிப் போவார்கள். பூச்செடிகளுக்காக அங்கே பெரும்பாலும் குழாய் இருக்கும். குடிக்கத் தகாத நீர் என்ற பலகை இல்லையே என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் கை இடப்பக்கமே போகும். அங்கே எப்போதும் வலப்பக்கம். காலையில் முதல் ஒரு கிலோமீட்டரும், ஒவ்வொரு முறை நின்று கிளம்பும் தருணமும்தான் ஆபத்தானவை. கிராமச் சந்திப்புகளில் வேறு பலகை இல்லையென்றால் வலமிருந்து வரும் வண்டிக்கே முன்னுரிமை. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குத் தலைக்கவசம் கட்டாயம். ஊருக்கு வெளியே இருட்டில் ஓட்டினால் ஒளிரும் மேலங்கி கட்டாயம்.

கேள்வி: எங்கள் வீட்டில் தலைமுறையாகத் திரு இருதய ஆண்டவர் படம் உண்டு. அந்தப் பக்தி பரவிய ஊரும் பர்கண்டியில்தானே? அதையும் சேர்க்கலாமா?
- தூத்துக்குடி வாசகி

பதில்: சேர்க்கலாம், இன்னும் மூன்று நாள் இருந்தால். பரே-லே-மோனியால் என்ற அந்த ஊரின் மடத்தில் மார்கரீத் மரிய அலகோக் என்ற கன்னியர் 1673 முதல் 1675 வரை கண்ட காட்சிகளே அப்பக்தி பரவக் காரணம். 1920-இல் அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது. அங்குள்ள பசிலிக்கா க்ளூனிப் பெருங்கோயிலின் அமைப்பைப் பின்பற்றிச் சிறிய அளவில் கட்டியது. இழந்ததை முழு உருவில் காண வேண்டுமானால் அதுதான் வழி.

க்ளூனியிலிருந்து நேர் மேற்கே போகாதீர்கள். மலைச் சாலை, வண்டிகளும் உண்டு. வந்த வழியே ஜிவ்ரிக்குத் திரும்பி, அங்கிருந்து மத்தியக் கால்வாயைப் பிடியுங்கள். அட்லாண்டிக் கடற்கரையிலிருந்து கருங்கடல் வரை போகும் ஆறாம் எண் ஐரோப்பியச் சைக்கிள் வழி இந்தப் பகுதியில் பெரும்பாலும் அந்தக் கால்வாயை ஒட்டித்தான் போகிறது. முழுவதும் வாகனமற்றது என்று சொல்ல மாட்டேன். சில துண்டுகளில் ஆளரவம் குறைந்த சிறு சாலைகள் வரும். ஏற்றமெல்லாம் கால்வாயில் படகுகளை ஏற்றியிறக்கும் மதகுகளை ஒட்டிப் படிப்படியாக வருவதால் மூச்சு வாங்காது. பரேயில் ரயில் நிலையம் உண்டு, வண்டிகள் குறைவு. திரும்பும் நேரத்தைக் கிளம்பும்போதே பார்த்து வையுங்கள். வட்டார ரயில்களில் சைக்கிளைக் கழற்றாமல் அப்படியே ஏற்றலாம். அதிவேக ரயில் என்றால் இடம் பதிவு செய்யவோ கழற்றிப் பையில் அடைக்கவோ வேண்டியிருக்கும். வாடகைச் சைக்கிள் எடுத்தால், எடுத்த ஊரிலேயே திருப்பிக் கொடுக்க வேண்டுமா என்பதை முதலில் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.